பினாங்குப் புறாவும் பனிக்கால விருந்தாளியும்

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்களில் பலர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையையும் ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். பிட் ஸ்திரீட் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். 1801இல் உருவான பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. குவான் யின் கோயில் வாசலில் தானியம் வீசினால் போதும், புறாக்கள் வந்து மொய்த்துவிடும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

வாயில்லா ஜீவனுக்குப் போடுவது நல்ல மனசுதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். புறா ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கும். தீனி பெருகப் பெருகக் கூட்டமும் பெருகும். காய்ந்த எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை மனிதனின் நுரையீரலையும் மூளையையும் தாக்கக் கூடியது.

காக்கை கதையும் இதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை நகரத்துக் குப்பையில் பெருகிவிட்டது. பிறகு துப்பாக்கியால் சுடவேண்டிய நிலை! விரத நாளில் ஒரு பிடி சோறு வைக்கும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. மிச்சத்தைக் கொட்டி வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாம் கவனிக்காத விருந்தாளி வேறு. நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது. ஆனால் சைபீரியா, சீனா, ஜப்பான் பக்கம் குளிர் தொடங்கும்போது தகைவிலான் குருவி தெற்கே கிளம்பிவிடும். எடை இருபது கிராம்கூட இராது. செப்டம்பர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரல் வரை தங்கும். பிளவுபட்ட வாலோடு மாலையில் மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, அதுதான். பகாங் பெந்தோங் பட்டணத்தில் ஆயிரக்கணக்கில் கூடும். பழுப்புக் கீச்சானும் அப்படித்தான் வருகிறது. கண்ணுக்கு மை தீட்டினாற்போல் கறுப்புக் கோடு. வேலிக் கம்பத்தில் தனியாக நிற்கும்.

இவை சோறும் தின்னா, தானியமும் தின்னா. ஈ, வெட்டுக்கிளி, பூச்சிதான் ஆகாரம். ஆகவே இவற்றுக்குத் தீனி போடுவதென்றால், பூச்சி பிழைக்க இடம் விடுவதுதான். லயத்துத் தோட்டத்தில் முருங்கையும் செம்பருத்தியும் நிற்கட்டும். ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி தினமும் மாற்றுங்கள். கண்டபடி மருந்து அடிக்காதீர்கள். மருந்துத் தொட்டி முதுகில் சுமந்த நம் பெண்களுக்கு அதன் கொடுமை தெரியும். பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகுதான் 2020இல் பராகுவாட் தடை செய்யப்பட்டது. மனிதனுக்கு ஆகாத நஞ்சு குருவிக்கு மட்டும் ஆகுமா?

கவண் தூக்கும் பையன்களிடம் சொல்லி வையுங்கள்: கம்பியில் உட்கார்ந்திருப்பது, பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த ஜீவன். அந்தப் பாடு நமக்குத் தெரியாததா?