பெயர்களை எண்ணும் நிரல்

நிரலாக்கம் கற்கத் தொடங்குவோர்க்குக் கொடுக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று, அமெரிக்கக் குழந்தைகளின் பெயர்களை ஆராய்வது. அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிருவாகம், 1880 முதல் பிறந்தவர்களின் பெயர்களை ஆண்டுக்கு ஒரு கோப்பாக வெளியிட்டுள்ளது. ஒவ்வொரு வரியிலும் பெயர், பாலினம், எண்ணிக்கை ஆகிய மூன்றே விவரங்கள் இருக்கும். 1880ஆம் ஆண்டுக் கோப்பின் முதல் வரியில் மேரி என்ற பெயரும் 7065 என்ற எண்ணும் உள்ளன.

கோப்பைத் திறந்து, வரிவரியாகப் படித்து, காற்புள்ளி உள்ள இடங்களில் பிரிக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கோப்பிலிருந்து படித்த 7065 கணினிக்கு எண்ணன்று. நான்கு குறிகளின் தொடர். அதை எண்ணாக மாற்றாமல் வரிசைப்படுத்தினால், 9 என்பது 7065ஐவிடப் பெரியதாகிவிடும். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல், கணினி முதற்குறியையே முதலில் ஒப்பிடுகிறது.

நிரல் சரியாக ஓடினால், 1946 வரை பெண்களின் பெயர்களில் மேரியே முதலிடத்தில் இருந்ததைக் காணலாம். 1947இல் லிண்டா முந்துகிறது. அவ்வாண்டு ‘லிண்டா’ என்னும் பாடல் அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்தது. பாடல்தான் காரணமா? நிரல் மாற்றத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

எண்ணிக்கையை மட்டும் நம்புவதும் தவறு. 2014இல் முதலிடம் பெற்ற எம்மா என்ற பெயர் 20,000ஐத் தாண்டியது. எனவே, எம்மா பழைய மேரியைவிடப் பரவலான பெயர் என்று முடிவு செய்யலாமா? விழுக்காட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1880இல் நூறு பெண்களில் ஏறக்குறைய 7 பேர் மேரி. 2014இல் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவரே எம்மா.

அந்த 7065 பேரும் அவ்வாண்டு பிறந்த எல்லா மேரிகளும் அல்லர். சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935இல்தான் வந்தது. அதற்குமுன் இறந்தவர்களும் அட்டைக்கு விண்ணப்பிக்காதவர்களும் கோப்பில் இல்லை. மேலும், ஒரே பெயரை வெவ்வேறு எழுத்துகளில் எழுதினால், அவை தனித்தனிப் பெயர்களாகவே எண்ணப்படுகின்றன. தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும் நமக்கு இச்சிக்கல் புதிதன்று.

தனிமனிதரின் அடையாளம் வெளிப்படாதிருக்க, ஓராண்டில் ஐவருக்கும் குறைவானோர்க்கு இடப்பட்ட பெயரைக் கோப்பில் சேர்ப்பதில்லை. ஆகவே, தேடிய பெயர் கிடைக்காதபோது நிரல் ‘0’ என்று அச்சிடுவது பிழை. அப்பெயருடன் நான்கு குழந்தைகள் பிறந்திருக்கலாம். ‘5க்கும் குறைவு’ என்று அச்சிடும்படி அவ்வரியைத் திருத்தி எழுத வேண்டும்.