இது எந்தப் படத்து பி.ஜி.எம்?

செமஸ்டர் லீவுல எக்கியார்குப்பம் போயிருந்தேன். சாயங்காலம் கரையில சித்தப்பா வலை சரி பண்ணிட்டிருந்தார். நான் பக்கத்துல உக்காந்து போன்ல ஒரு வயலின் இசையை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டவர், "ராஜா மாதிரி இருக்கே, எந்தப் படம்டா?" என்றார்.

"படமே இல்ல சித்தப்பா."

"படம் இல்லாம எதுக்குடா பி.ஜி.எம்?"

நியாயமான கேள்வி. அப்போ எனக்குப் பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

நான் போட்டது 'ஹவ் டு நேம் இட்?'. இளையராஜா 1986-ல் வெளியிட்ட ஆல்பம். தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாக்குக்கும் சமர்ப்பணம். முதன்மை வயலின் வி. எஸ். நரசிம்மன்.

சினிமா இசைக்கு ஒரு எஜமான் உண்டு: காட்சி. காட்சி நாற்பது நொடியில முடிஞ்சா, எவ்வளவு நல்ல மெட்டும் அங்கேயே நிக்கணும். படம் இல்லாத இசையில அந்தக் கத்தரி கிடையாது. ஒரு மெட்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போகலாம்.

இதுல ரொம்ப அந்தரங்கமான வடிவம் 'சேம்பர் மியூசிக்', அதாவது ஒரு அறைக்குள்ள வாசிக்கிற இசை. ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுன்னா நாலே பேர்: ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கண்டக்டர் கிடையாது. ஒருத்தர் தப்பு பண்ணா மறைக்க ஆள் இல்ல. கறாரா சொன்னா ராஜாவோட ஆல்பம் இதைவிடப் பெரிய குழு. ஆனா குணம் இதேதான்.

அதுல 'ஃபியூக்' என்ற உத்தி வரும். ஒரு குரல் மெட்டைத் தொடங்கும். அடுத்த குரல் அதே மெட்டை வேற சுருதியில பிடிச்சுக்கும். முதல் குரல் நிக்காம வேற வழியில போயிட்டே இருக்கும். எல்லாமே மெட்டு, 'பின்னணி'ன்னு எதுவும் இல்ல.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்க. பாக்கோட தனி வயலின் இசை ஓடும். அதைச் சுத்தி ராஜா தன் வயலின்களைப் பேச வைப்பார்.

வெளிநாட்டுலயும் இப்படித்தான். 'சைக்கோ' (1960) படத்துக்குத் தந்திக் கருவிகளை மட்டுமே வெச்சு மிரட்டின பெர்னார்ட் ஹெர்மன், 1965-ல் 'எக்கோஸ்'னு ஒரு குவார்ட்டெட் எழுதினார். நம்ம நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கி, கர்நாடக கீர்த்தனைகளை நாலு கருவிக்கு அமைச்சார்.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். "கரைவலை மாதிரி சொல்லு. ஆளுக்கு ஒரு பிடி, வலை ஒண்ணு" என்றார். என் ஒரு பக்க விளக்கத்தை ஒரே வரியில முடிச்சுட்டார்.

ஒரு வேடிக்கை: பாலுமகேந்திரா பிறகு தன் 'வீடு' படத்துக்கு இந்த ஆல்பத்து இசையையே எடுத்துக்கிட்டார். அதனால சித்தப்பா கேட்டதும் தப்பில்ல. ஆனா இங்க இசை படத்தைத் தேடிப் போகல. படம்தான் இசையைத் தேடி வந்துச்சு.

இன்னைக்கு நைட்டு ஹெட்போன் மாட்டி, ஸ்கிரீனை அணைச்சுட்டுக் கேட்டுப் பாருங்க.