பரிசுப் பயணத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

"எஃப்.எம்.ல சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறேங்கிறான், நடிகரோட சாப்பாடுங்கிறான். நெசமாவே கூட்டிட்டுப் போவானுங்களாண்ணே?" தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் டீ குடிக்கும் எவரும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். கூட்டிக்கொண்டு போவார்கள், சந்தேகம் வேண்டாம். ஏன் கூட்டிக்கொண்டு போகிறார்கள், அதற்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதுதான் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத கதை. இன்னொரு டீ சொல்லிவிடுங்கள்.

சினிமா எஃப்.எம்.மை விட்டுவிட்டுச் சீன வானொலியிலிருந்து தொடங்குவோம். 1962 எல்லைப் போர் நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், 1963 ஆகஸ்ட் 1ஆம் தேதி பெய்ஜிங்கிலிருந்து (அன்று பீக்கிங்) தமிழில் பேச ஆரம்பித்தது அந்த நிலையம். பேசியவர்களில் பலர் தமிழ் படித்த சீனர்கள். தங்களுக்குக் கலைமகள், வாணி, கலையரசி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் தமிழ்நாடெங்கும் அதற்கு நேயர் மன்றங்கள் முளைத்தன. ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்பேடு, தலைவர், செயலாளர் எல்லாம் உண்டு. அந்த நிலையம் நடத்திய பொது அறிவுப் போட்டிகளில் முதல், இரண்டாம் பரிசுகளுக்கு மேலே "சிறப்புப் பரிசு" என்று ஒன்று இருக்கும். அது கிடைத்தால் இலவசச் சீனப் பயணம். நம் தமிழ் நேயர்கள் போயிருக்கிறார்கள், பெருஞ்சுவரில் ஏறியிருக்கிறார்கள், பல வருடமாகக் குரலாக மட்டும் தெரிந்த அறிவிப்பாளர்களை நேரில் பார்த்துக் கை குலுக்கியிருக்கிறார்கள். நட்சத்திரம் என்றால் சினிமாக்காரர்தான் என்று யார் சொன்னது? ராத்திரி ராத்திரி காதுக்குள் வந்து பெயர் சொல்லிக் கடிதம் படிக்கிறவர் அதைவிடப் பெரிய ஆள்.

போட்டிக் கேள்விகள் கஷ்டமானவையும் இல்லை. ஏதாவது ஒரு மாநிலத்தையோ விழாவையோ பற்றித் தொடர் உரை ஒலிபரப்பாகும். அதற்குள்ளேயே விடை இருக்கும். உட்கார்ந்து கேட்டால் போதும். அந்த "உட்கார்ந்து கேட்டால்" என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சிற்றலை ஒலிபரப்பு வானத்து அயனி மண்டலத்தில் முட்டித் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும். எங்கே விழுந்தது, யார் கேட்டார், தெளிவாகக் கேட்டதா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியே கிடையாது. ரேடியோப் பெட்டி திரும்பிப் பேசாது. ஆகவே நேயர் எழுதித்தான் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு படிவம்: தேதி, நேரம், எத்தனை கிலோஹெர்ட்ஸ், பிறகு ஐந்து இலக்கம். ஒலியின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 45444 என்று எழுதினால் ஏறக்குறைய நன்றாகக் கேட்டது என்று பொருள். மூன்றாவது இலக்கம் 2 ஆகிவிட்டால், பக்கத்துக் கொல்லையில் பம்புசெட்டைப் போட்டுவிட்டார்கள் என்று நாம் புரிந்துகொள்ளலாம். பெய்ஜிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அது புரிந்திருக்குமா என்று சொல்வதற்கில்லை. இப்படி எழுதி அனுப்பினால் வண்ணப் படம் போட்ட ஒரு அட்டை பதிலுக்கு வரும். அதைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

ஆக, சீனப் பயணம் என்பது ஒரு நேயருக்குக் கொடுத்த தானம் இல்லை. ஒருவர் பறப்பார், அதற்காக ஆயிரம் பேர் காதைத் தீட்டிக்கொண்டு முழு உரையையும் கேட்பார்கள், கேட்டதற்கு அத்தாட்சியாகத் தங்கள் கையெழுத்திலேயே எழுதி அனுப்புவார்கள். அந்தக் கடிதக் கட்டுதான் நிலையம் வாங்கிய சரக்கு. அதன் விலைதான் விமான டிக்கெட்.

இந்தக் கணக்கைச் சீனர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைவு என்று ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து அதை ஓரங்கட்டினார். நாட்டின் காது அப்படியே இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. டெல்டாக்காரர்களுக்கு அது ஒன்றும் தூரமில்லை, வேதாரண்யத்துக்கு எதிர்க்கரைதானே. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று அதன் அறிவிப்பாளர்களின் குரலைக் கேட்டே தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அதே இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் 1952 டிசம்பரில் அமீன் சயானி ஒரு போட்டி தொடங்கினார். ஒரு பற்பசைக் கம்பெனியின் செலவு. ஏழு பாட்டை மாற்றி மாற்றிப் போடுவார். எந்தப் படம் முதலில் வந்தது, எது பிறகு என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பரிசு 100 ரூபாய். நாற்பது, ஐம்பது கடிதம் வரும் என்று நினைத்த இடத்தில் முதல் நிகழ்ச்சிக்கே 9,000 வந்தது. ஒரு வருடத்துக்குள் வாரத்துக்கு 65,000. பிரித்துப் படிக்க ஆளில்லாமல் போட்டியையே நிறுத்திவிட்டு, பாட்டுகளைத் தர வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக அதை மாற்றினார்கள். பினாகா கீத்மாலா என்று நாடே கொண்டாடியது அதைத்தான். பற்பசைக்காரருக்கு நஷ்டம் என்கிறீர்களா? 100 ரூபாயில் 65,000 வீட்டு விலாசம் கிடைத்ததே!

தபால்காரரின் கஷ்டத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை. டி.வி.யும் ரேடியோவும் போட்டிக்குப் போட்டி கேள்வி கேட்க, மூட்டை மூட்டையாக 50 காசுக் கார்டுகள் குவிய, அஞ்சல் துறை விழித்துக்கொண்டது. சாதாரணக் கார்டை அரசு நஷ்டத்தில் விற்கிறது. வியாபாரப் போட்டிக்கு அது எதற்கு என்று 10 ரூபாயில் "போட்டி அஞ்சல் அட்டை" என்றே தனியாக ஒன்று போட்டார்கள். எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் நேர்மையாக விலை போட்டுக் காட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

போட்டியே வைக்காமல், பரிசே கொடுக்காமல், கேட்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி வாங்கிய நிலையம் ஒன்று உண்டு. நம் திருச்சி வானொலி. 1939 மே மாதம் தொடங்கியது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது, ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து எடுத்த குறுவை நெல். எப்படி நாற்று விடுவது, எப்போது உரம் வைப்பது என்று திருச்சி நிலையத்துப் பண்ணை நிகழ்ச்சி சொல்லிக்கொண்டே இருந்தது. தஞ்சை விவசாயிகள் கேட்டார்கள், நட்டார்கள், பெயரையும் வைத்தார்கள்: ரேடியோ நெல். விதை கேட்டுப் போனவர் ஏ.டி.டி. என்று சொல்லவில்லை, "அந்த ரேடியோ நெல்லு" என்றார். எந்த நேயர் கடிதமும் இதற்கு ஈடாகாது.

சரி, இன்றைய எஃப்.எம்.முக்கு வருவோம். திருச்சியில் சூரியன், ஹலோ என்று தனியார் நிலையங்கள் வந்தபின் கடிதம் போய் போன் வந்தது. போனும் போய் வாட்ஸ்அப் வந்தது. உள்கணக்கு மாறவில்லை. சிங்கப்பூர் டிக்கெட்டைப் பெரும்பாலும் நிலையம் வாங்குவதில்லை. ஒரு நகைக்கடையோ சுற்றுலாக் கம்பெனியோ விளம்பரச் செலவாகக் கொடுக்கும். நடிகர் சந்திப்பு என்றால் படம் வெளியாகும் வாரமா என்று பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். படக் கம்பெனிக்கு அதுவும் விளம்பரம். நீங்கள் வென்றதாகச் சொல்லும் அந்த ஒரு நிமிஷ ஒலிப்பதிவை ஒரு வாரம் போடுவார்கள் பாருங்கள், அதில் பேசும் நீங்கள்தான் சம்பளமில்லாத விளம்பர நடிகர். இதில் தப்பு ஒன்றும் இல்லை. தெரிந்து போனால் நல்லது.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இலவசம் என்பதற்கு வருமான வரித் துறையின் அகராதி வேறு. லாட்டரி, குறுக்கெழுத்து, எந்த வகைப் போட்டியானாலும் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 விழுக்காடு வரி முன்கூட்டியே பிடிக்க வேண்டும். நமக்கு வருமானமே வரி வரம்பைத் தொடவில்லையே என்றால் கேட்காது. அடிப்படை விலக்கு இந்தப் பணத்துக்குப் பொருந்தாது. பணமாகக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பயணமாகக் கொடுத்தால் எதில் பிடிப்பது? அதனால் சட்டம் சொல்கிறது: வரி கட்டியாயிற்று என்று உறுதிசெய்த பிறகே கொடுப்பவர் பொருளைக் கையில் தர வேண்டும். ஒரு லட்ச ரூபாய்ச் சிங்கப்பூர்ப் பயணத்துக்கு 30,000 ரூபாய் முதலில் போய்ச் சேர வேண்டும். சில கம்பெனிகள் தாங்களே கட்டிவிடும். சிலர் உங்களைக் கட்டச் சொல்வார்கள். ஆகையால் பரிசு அறிவித்தவுடன் "நடிகர் யாரு?" என்று கேட்பதற்கு முன்னால் "வரி யாரு கட்டுறது?" என்று கேளுங்கள்.

உடனே ஒரு சந்தேகம் வரும். பரிசு விழுந்திருக்கிறது, முதலில் பணம் கட்டு என்பதுதானே மோசடிக்காரன் பேச்சும்? அதேதான். நிஜக்காரரும் காசு கேட்கிறார், திருடனும் கேட்கிறான், எப்படிப் பிரிப்பது? முதலில், போட்டியில் நீங்கள் கலந்துகொண்டீர்களா? கலந்துகொள்ளாத போட்டியில் யாருக்கும் பரிசு விழாது. அடுத்து, வந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிடாமல், நிலையத்தின் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துக் கேளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். வரி என்பது உங்கள் பான் எண்ணின் பேரில் அரசுக்குப் போவது. பிறகு உங்கள் வருமான வரிக் கணக்கில் அது தெரியும், சான்றிதழும் தருவார்கள். ஒரு தனி ஆளின் கூகுள்பே எண்ணுக்கு எந்த வரியும் போகாது. ஓ.டி.பி. கேட்டால் பேச்சே வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் போடுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க முடியும்.

"எனக்கு வேண்டாம், என் தங்கச்சியும் மாப்ளையும் போகட்டும்னா மாத்திக் கொடுப்பாங்களாண்ணே?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். நியாயமான ஆசை. பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். வென்றவர் பேரில்தான் வரி, அவர் பாஸ்போர்ட்டில்தான் டிக்கெட். பரிசை வேறொருவருக்கு மாற்றவோ பணமாகக் கேட்கவோ கூடாது என்று விதிமுறையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எனவே கலந்துகொள்ளும் ஆசை இருந்தால் முதலில் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. தேதியையும் நீங்கள் குறிக்க முடியாது. ஸ்பான்சருக்கும் நடிகரின் கால்ஷீட்டுக்கும் எது தோதோ அதுதான். அது தை மாசத்தில் வந்து விழுந்தால், சம்பா அறுப்பு மிஷினுக்கு முன்னாலேயே சொல்லி, களத்தில் நிற்க மச்சானை ஏற்பாடு பண்ணிவிட்டுக் கிளம்புங்கள்.