மாசியில் வாய் திறக்கும் குயில்

மாசி பிறந்ததும் விடிகாலை இருட்டிலேயே குயில் கூவத் தொடங்கிவிடுகிறது. 'குயில் வந்தாச்சு' என்கிறோம். அது எங்கும் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நம் ஊர் மரங்களில்தான் ஆலம்பழமும் அத்திப்பழமும் தின்றுகொண்டு சத்தமில்லாமல் இருந்தது.

கூவுவது ஆண். மினுங்கும் கறுப்பு உடல், சிவந்த கண். தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்து, ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி ஏறி, ஏழாவதோ எட்டாவதோ கூவலில் சட்டென்று நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடியிலிருந்து தொடங்கும். பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் குரல் 'கிக்-கிக்-கிக்' என்று படபடக்கும். இதே நாட்களில் செம்மார்புக் குக்குறுவானும் 'டுக் டுக்' என்று தொடங்கியிருக்கும். உற்றுப் பாருங்கள்: அலகு மூடியே இருக்கும், ஒவ்வொரு ஒலிக்கும் தொண்டையின் இருபுறமும் தோல் உப்பி அடங்கும்.

வெயில் ஏறுவதால் பாடுகின்றன என்று தோன்றும். ஆனால் பல பறவைகளின் உடல் முதலில் கணக்கு வைப்பது பகலின் நீளத்தை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே கசியும் வெளிச்சத்தை மூளைக்குள் இருக்கும் செல்கள் உணர்கின்றன. ஹார்மோன்கள் சுரக்க, ஆண் பறவைக்குப் பாட்டு வருகிறது. லண்டனில் மார்கழிப் பகல் 8 மணி நேரம்கூட இல்லை, ஆனியில் 16 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். இவ்வளவு சின்ன மாற்றம் பறவைக்குத் தெரியுமா? பனாமா காட்டில் வாழும் ஒரு சிறு பறவையை வைத்து நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. பகல் 17 நிமிடம் கூடியதுமே அது அதிகமாகப் பாடியது. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

குயிலுக்கு இன்னொரு அவசரமும் உண்டு. தன் முட்டையை அது காகத்தின் கூட்டில் இடவேண்டும். காகம் கட்டி முடித்து முட்டையிடும் நாளுக்குள் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். குயில் முட்டை பெரும்பாலும் காகத்தின் முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும், தாமதித்தால் அந்த அனுகூலம் போய்விடும். பெரிய மரங்களை வெட்டிவிட்ட தெருவில் காகத்துக்கும் கூடில்லை, குயிலுக்கும் வேலையில்லை. அந்தத் தெருவின் மாசியை நினைத்தால் மனசு கனக்கிறது.

இந்த ஆண்டு முதல் கூவலைக் கேட்ட தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கூடவே, காகம் முதல் சுள்ளியைத் தூக்கிக்கொண்டு பறந்த தேதியையும். அடுத்த மாசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.