புயலிலே ஒரு தோணி (நாவல்)

புயலிலே ஒரு தோணி (1972) ப. சிங்காரம் எழுதிய தமிழ் நாவல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுமத்ராவிலும் மலேயாவிலும் பிழைக்கப் போயிருந்த தமிழர்களின் கதையைக் கூறுகிறது. டச்சு, பிரிட்டிஷ் ஆட்சிகள் சரிந்து ஜப்பானிய ஆட்சி வந்த காலமே கதைக்களம்.

ஆசிரியர்

ப. சிங்காரம் (1920–1997) சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் வேலைக்காக இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்றார். போர் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியாற்றினார். எழுதிய நாவல்கள் இரண்டே: கடலுக்கு அப்பால், புயலிலே ஒரு தோணி. முதல் நாவல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. இரண்டாவது நாவல் எழுதி முடித்தபின் அச்சேறப் பத்தாண்டுகள் ஆயின.

பின்னணி

தென்மாவட்ட இளைஞர்கள் பலர் அக்காலத்தில் செட்டியார்களின் வட்டிக்கடைகளில் வேலை பார்க்கக் கப்பலேறினர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வான். கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி வீடு கட்டுவது, கல்யாணம் செய்வது என்பதே அவர்கள் கனவு. 1942இல் ஜப்பானியர் வந்ததும் தாயகத்துடன் கப்பல் போக்குவரத்து நின்றது. கடிதமும் பணமும் ஊருக்குப் போகவில்லை. போனவர்கள் அங்கேயே அகப்பட்டுக்கொண்டனர்.

கதைச் சுருக்கம்

கதைநாயகன் பாண்டியன். ஜப்பானியப் படை மேடானில் நுழைவதில் நாவல் தொடங்குகிறது. பாண்டியன் அங்கிருந்து தொங்கானில் பினாங்கு செல்கிறான். வழியில் புயல் தாக்குகிறது. தப்பிக் கரைசேர்ந்தவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்தபின் சுமத்ரா திரும்பி, டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசிய விடுதலைப் போரில் பங்கேற்று உயிரிழக்கிறான். இடையிடையே மதுரைத் தெருக்களும் பிறந்த ஊரும் அவன் நினைவில் வந்து போகின்றன.

கடற்பயணம்

தொங்கான் என்பது மலாக்கா நீரிணையில் சரக்கு ஏற்றிச் சென்ற மரக்கலம். மேடானுக்கும் பினாங்குக்கும் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்கும் குறைவான தூரமே. ஆயினும் போர்க்காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் பயணம்.

இக்கடல் தமிழர் அறியாததன்று. 1025இல் முதலாம் இராசேந்திரனின் படை சென்ற கடாரம் பினாங்கை அடுத்த பகுதியே. அன்று படையோடு போன கடலில் இன்று வட்டிக்கடைப் பணியாளன் சரக்கோடு சரக்காகப் போகிறான். பழம்பெருமை பேசித் திரிவோரை நாவல் பல இடங்களில் எள்ளி நகையாடுகிறது; அந்தக் கேலியை இப்பயணத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதன் கூர்மை விளங்கும்.

கதையின் திருப்பமும் இப்பயணமே. புயலுக்கு முன் பாண்டியன் பிழைக்கப் போன இளைஞன்; கரையேறிய பின் போர்வீரன். எந்த ஆட்சி எப்போது விழும் என்று தெரியாத காலத்தில் அவனது தலைமுறையே புயலில் சிக்கிய தோணிதான். நாவலின் தலைப்பு அந்தப் பொருளையும் தாங்குகிறது.

மொழிநடை

மலாய், சீன, டச்சு, ஆங்கிலச் சொற்கள் தமிழோடு கலந்து வரும். புதிய வாசகருக்கு முதல் சில பக்கங்கள் கடினமாகத் தோன்றலாம். சுமத்ரா, மலேயா வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் ஊர்களும் பயண வழியும் எளிதில் பிடிபடும்.

முக்கியத்துவம்

வெளிவந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படாத இந்நாவல், பின்னாளில் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. அக்கரைச் சீமைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றித் தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பெயரும் ஒரு பழைய நிழற்படமுமே எஞ்சியுள்ளன. அவர்கள் அங்கே என்ன வேலை செய்தார்கள், என்ன பேசினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய நூல் இது.