ஸ்டியரிங்கில் கசிவு: எண்ணெய் ஊற்றினால் தீருமா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார் இருக்கிறதா? அடுத்த முறை அது கிளம்பிச் சென்றதும், நின்றிருந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தெளிந்த நீர் சொட்டியிருந்தால் கவலை வேண்டாம். பெரும்பாலும் அது குளிர்சாதனத்திலிருந்து வடிந்த நீர்தான். முன்சக்கரத்தின் அருகே சிவப்பாகவோ பழுப்பாகவோ, வழுவழுப்பான எண்ணெய்த் துளிகள் தெரிந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். பவர் ஸ்டியரிங் ரேக் கசியத் தொடங்கியிருக்கலாம்.

பல வீடுகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டு ஓட்டுவது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஏன் என்று பார்ப்போமா? படிவம் 5 இயற்பியலில் வரும் பாஸ்கல் தத்துவம் நமக்குத் துணைக்கு வரும்.

எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை?

ரேக் என்பது பற்கள் வெட்டப்பட்ட நீண்ட இரும்புத் தண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பினியன் எனும் சிறிய பற்சக்கரம் சுழன்று, இந்தத் தண்டை இடமோ வலமோ தள்ளுகிறது. தண்டின் இரு முனைகளும் முன்சக்கரங்களோடு இணைக்கப்பட்டுள்ளன. இதுவரை எல்லாமே கைபலம்தான்.

கைபலத்துக்கு உதவியாக எண்ணெய் அழுத்தத்தைச் சேர்த்தவர் பிரான்சிஸ் டேவிஸ் எனும் அமெரிக்கப் பொறியாளர். 1926-இல் அவர் அதை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கடையில் விற்கும் காருக்கு அது வந்தது 1951-இல்தான். கிறைஸ்லர் இம்பீரியல் அந்தப் பெருமையைப் பெற்றது. நம் சாலைகளில் இன்னும் ஓடும் புரோட்டான் வீரா, வாஜா போன்ற கார்களிலும் இதே ஏற்பாடுதான். இயந்திரம் சுழற்றும் ஒரு பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. ரேக் தண்டின் நடுவே ஒரு பிஸ்டன் உண்டு. அது உருளையை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் உள்ளே உள்ள மெல்லிய கம்பி ஒன்று சற்றே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு வால்வைத் திறந்து, எந்தப் பக்கம் உதவி தேவையோ அந்த அறைக்கு எண்ணெயை அனுப்பும்.

எவ்வளவு உதவி? நேராக ஓடும்போது அழுத்தம் குறைவு. நின்ற இடத்தில் சக்கரத்தை முழுதாகத் திருப்பும்போது அது 70 பார் வரையிலும், சில கார்களில் அதற்கு மேலும் உயரும். கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் 30 மடங்கு! 1 பார் என்பது 100,000 பாஸ்கல். பிஸ்டனின் பரப்பளவு 8 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

விசை = அழுத்தம் × பரப்பளவு
= 7,000,000 × 0.0008
= 5,600 நியூட்டன்

ஏறக்குறைய 560 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை! இதனால்தான் உங்கள் பாட்டிகூட ஒரு கையால் காரைத் திருப்ப முடிகிறது.

உதடு போன்ற ஒரு வளையம்

இத்தனை அழுத்தத்தையும் வெளியே விடாமல் காப்பது எது? ஆயில் சீல் எனும் சின்னஞ்சிறு வளையம். அதன் உள்விளிம்பு ரப்பரால் ஆன மெல்லிய உதடு போல இருக்கும். அந்த உதடு ரேக் தண்டைத் தழுவி நிற்கும். எண்ணெயின் அழுத்தமே உதட்டைத் தண்டோடு சேர்த்து அழுத்துவதால், அழுத்தம் கூடக் கூடப் பிடியும் இறுகும். அழகான வடிவமைப்பு, இல்லையா?

ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. தண்டு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும்வரைதான் அந்தப் பிடி நல்லது. தண்டின் இரு முனைகளையும் தூசி, நீர் படாமல் மூடியிருப்பது பூட் எனும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. அது கிழிந்தால் மழைநீரும் மணலும் உள்ளே போகும். தண்டு துருப்பிடித்துப் பள்ளம் விழும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு ரப்பர் உதட்டை அரம்போல் அராவும். இயந்திரத்தின் வெப்பத்தில் பல ஆண்டுகள் இருந்து ரப்பர் இறுகிப் போவது இன்னொரு காரணம்.

தவறான எண்ணெயும் சீலைக் கெடுக்கும். அவசரத்துக்குப் பிரேக் எண்ணெயை ஊற்றுவோரும் உண்டு. அது வேறு வேதிப்பொருள். பவர் ஸ்டியரிங் சீலின் ரப்பரை ஊதச் செய்து பாழாக்கிவிடும். காரின் கையேட்டில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ, அதையே ஊற்ற வேண்டும்.

கசிந்தால் என்ன ஆகும்?

கலத்தில் எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். திரவத்தை எளிதில் சுருக்க முடியாது. காற்றைச் சுருக்க முடியும். எண்ணெயில் குமிழிகள் கலந்ததும் அழுத்தம் சீராகப் போய்ச் சேராது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகல் ஒலி கேட்கும். எண்ணெய்தான் பம்புக்கு மசகும் என்பதால், அதன் உட்பாகங்கள் தேயத் தொடங்கும். ரேக்கில் தொடங்கிய நோய் பம்புக்கும் பரவுகிறது!

எண்ணெய் முழுதும் போய்விட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமா? இல்லை. பற்சக்கரமும் தண்டும் இன்னும் இணைந்தே இருப்பதால் காரைத் திருப்ப முடியும். ஆனால் மிகவும் கனக்கும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது இது தெரியாது. வேகத்தைக் குறைத்து வளைவுச் சந்திப்பில் நுழையும்போதுதான் தெரியும். அந்த ஒரு நொடித் திகைப்பே விபத்துக்குப் போதும். கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

முதலில் கசிவின் இடம்

“எண்ணெய் குறைகிறதா? ரேக் போய்விட்டது” என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பம்பின் சீல், ரப்பர் குழாய், குழாயின் இணைப்பு ஆகியவையும் கசியலாம். அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு பொதுவாகக் குறைவு. நல்ல மெக்கானிக் முதலில் எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்வார். பிறகு ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, எண்ணெய் எங்கே புதிதாக ஊறுகிறது என்று பார்ப்பார். பூட்டை அழுத்தும்போது உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால், ரேக்கின் சீல் பழுதாகிவிட்டது என்று பொருள். ஓர் ஊகம், அதற்கு ஒரு சோதனை, பிறகே முடிவு: ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே?

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

ரேக்கைக் கழற்றிப் பிரித்தால், முடிவைச் சொல்வது தண்டின் மேற்பரப்புதான். தண்டு வழவழப்பாக இருந்தால் புதிய சீல்களைப் போட்டாலே போதும். துருப் பள்ளமோ கீறலோ இருந்தால், எத்தனை புதிய சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் அவற்றையும் கிழித்துவிடும். அப்போது ரேக்கையே மாற்றுவதுதான் சரி. புதியது விலை கூடும்; பட்டறையில் புதுப்பித்த ரேக் அதைவிடக் குறையும். பழைய கார்களிலிருந்து கழற்றிய ‘ஹாஃப் கட்’ ரேக் இன்னும் மலிவு. ஆனால் அதன் சீல்களுக்கும் வயதாகியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கசிவை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் திரவங்கள்? அவை இறுகிய ரப்பரை இளக்கிச் சற்று ஊதச் செய்பவை. சிறு கசிவைச் சில காலம் தள்ளிப்போடலாம். கிழிந்த உதட்டைத் தைக்க அவற்றால் முடியாது.

எந்த வழியானாலும், பட்டறையில் மூன்று வேலைகள் நடந்தனவா என்று அப்பாவையோ அம்மாவையோ கேட்கச் சொல்லுங்கள்.

1. பழைய எண்ணெயைக் குழாய்களிலிருந்து முழுதும் கழுவி வெளியேற்றினார்களா? அதில் மிதக்கும் உலோகத் துகள்கள் புதிய சீலையும் கெடுக்கும்.

2. காற்றை வெளியேற்றினார்களா? முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகப் பலமுறை திருப்பிக் குமிழிகளைப் போக்க வேண்டும்.

3. சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட் செய்தார்களா? ரேக்கைக் கழற்றினால் சக்கரங்களின் கோணம் மாறும். சரிசெய்யாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அது ஆற்றில்தான் போய்ச் சேரும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெயை அட்டவணையிடப்பட்ட கழிவுகளில் சேர்த்துள்ளன.

2005-இல் வெளிவந்த பெரோடுவா மைவி உட்பட இன்றைய பல கார்களில், எண்ணெய்க்குப் பதிலாக மின் மோட்டார் இந்த உதவியைச் செய்கிறது. அங்கே கசிவதற்கு எண்ணெயே இல்லை. உங்கள் வீட்டுக் கார் எந்த வகை? இயந்திரம் ஆறியிருக்கும்போது, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் கலத்தைத் தேடிப் பாருங்கள். காருக்கு அடியில் மட்டும் நுழைய வேண்டாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஊசி இல்லாத 5 மில்லிலிட்டர், 20 மில்லிலிட்டர் சிரிஞ்சுகள், பொருத்தமான ரப்பர் குழாய், தண்ணீர்.

இரண்டையும் குழாயால் இணைத்து, காற்றே இல்லாமல் தண்ணீரால் நிரப்புங்கள். சிறியதை நீங்கள் அழுத்துங்கள்; பெரியதை நண்பர் தடுக்கட்டும். யார் வெல்கிறார்? இரு சிரிஞ்சுகளின் உள்விட்டத்தையும் அளந்து, விசை எத்தனை மடங்கு பெருகியிருக்கும் என்று கணக்கிடுங்கள். பிறகு 2 மில்லிலிட்டர் காற்றை உள்ளே விட்டு மீண்டும் அழுத்துங்கள். கடைசியாக, இணைப்பைச் சற்றே தளர்த்தி அழுத்துங்கள். மூன்று முறையும் உங்கள் விரல் என்ன உணர்ந்தது? எழுதி வைத்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.