வெற்றிடக் குழலும் கித்தார் ஒலியும்

பழைய வானொலிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே செந்நிறமாக ஒளிரும் கண்ணாடிக் குழல்களைக் கண்டிருப்பர். மலாயாவிலும் தமிழகத்திலும் அவற்றுக்கு வழங்கிய பெயர் ‘வால்வு’ என்பதாகும். அமெரிக்கர் அதனைக் குழல் என்றே அழைப்பர். வானொலியும் தொலைக்காட்சியும் கைவிட்டுவிட்ட இப்பொருளைக் கித்தார்க் கலைஞர் இன்றளவும் கைவிடவில்லை. வீட்டிலேயே ஓவர்டிரைவ் பெடல் செய்யும் இளைஞர் பலர், அதில் ஒரு குழலையும் சேர்த்துவிட விரும்புகின்றனர். அதனால் விளையும் நன்மை யாது, அதற்குரிய நிபந்தனை யாது என்பன ஆராயத்தக்கன.

ஜொகூருக்கு இவ்வொலி புதிதன்று. 1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூரில் இசை நிகழ்த்தினர். அதன்பின் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மின்கித்தார்க் குழுக்கள் பெருகின. மலாய் மொழியில் அவற்றைக் ‘குகிரான்’ என்றனர். ‘விறுவிறுப்பான கித்தார்க் குழு’ என்னும் தொடரின் சுருக்கம் அது. அவர்கள் வளர்த்த ‘பாப் யே யே’ இசை 1960களில் எங்கும் பரவிற்று. நீரிணைக்கு இப்பால் உள்ள ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூர் ஒலிபரப்பு அடுத்த வீட்டுக் குரல் போன்றது. குழல் ஒலிபெருக்கிகள் பெருவழக்காய் இருந்த காலம் அது.

1904இல் ஆங்கிலேயரான ஃபிளெமிங், சூடேறிய இழையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் வெற்றிடத்தில் எதிரே உள்ள தகட்டை நோக்கி ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்பதைப் பயன்படுத்தினார். ஒருபுறமே திறக்கும் கதவைப் போன்றதாகலின் அதற்கு வால்வு என்று பெயரிட்டார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வலைக்கு ஊட்டும் சிறு மின்னழுத்தம், தகட்டுக்குச் செல்லும் பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியது. சிறு திறவுகோலால் பெரிய மதகைத் திறப்பது போன்ற இச்செயலே ஒலிபெருக்கத்தின் அடிப்படை.

வலைக்குத் தாங்குமளவுக்கு மேல் ஒலியை ஊட்டினால் என்னாகும்? அலையின் ஒரு பக்கத்தில் வலையே எலெக்ட்ரான்களை ஈர்க்கத் தொடங்கி முகட்டை மழுக்கிவிடும். மறுபக்கத்தில் தகட்டோட்டம் நின்று பள்ளம் தட்டையாகும். இவ்விரண்டும் ஒரே வகையாக நிகழ்வதில்லை, திடீரென நிகழ்வதுமில்லை. மழுங்கிய அலையில் முன்னில்லாத மேலிசைகள் தோன்றுகின்றன. இதுவே ஓவர்டிரைவ், தமிழில் மிகையூட்டம் எனலாம்.

தமிழிசை அறிந்தார்க்கு இது எளிதில் விளங்கும். அடிச்சுரம் குரல் ஆனால், அதன் இருமடங்கு அதிர்வு மேல்தானக் குரல்; மும்மடங்கு அதற்கும் மேலுள்ள இளி; ஐம்மடங்கு கைக்கிளை. மிகையூட்டம் இவற்றை வலுப்படுத்துவதால் ஒற்றைத் தந்தி ஒரு குழுவாகப் பாடுவது போலத் தோன்றுகிறது. குரலும் இளியும் சேர்ந்து ஒலித்தால், அவற்றின் அதிர்வுகள் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தில் அமையும். மழுங்கும் போது அவற்றின் வேறுபாடான ‘ஒன்று’ம் பிறக்கிறது, அது குரலுக்கு ஒரு தானம் தாழ்ந்த குரலேயாகும். ராக் இசைக் கலைஞர் இவ்விரு சுரங்களை மட்டும் இணைத்து மீட்டுவதன் காரணம் இதுவே. பல சுரங்களைச் சேர்த்து மீட்டினாலோ பொருந்தா ஒலிகளும் பிறந்து இரைச்சலாகும்.

இனிப் பெடலுக்கு வருவோம். ‘ட்யூப் ஸ்கிரீமர்’ என்று பெயர்பெற்ற ஜப்பானியப் பெடலில் குழலே இல்லை. ஒருங்கிணைந்த சுற்றும் டையோடுகளும் சேர்ந்தே அலையை மழுக்குகின்றன. குழலை உண்மையாகவே சேர்ப்பவர் பெரும்பாலும் எடுப்பது 12ஏஎக்ஸ்7 என்பதாகும். ஐரோப்பாவில் இசிசி83 என்பர். ஒரே கண்ணாடிக்குள் இரு குழல்கள் அமைந்த இதன் இழைக்கு 12.6 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் வேண்டும். வழக்கமான பெடல் கொள்வதோ சில மில்லி ஆம்பியரே. ஆதலின் சிறு 9 வோல்ட் மின்கலம் இதற்குப் போதாது.

அதைவிட முக்கியமானது தகட்டின் தேவை. ஒலிபெருக்கிகளில் அது 200 வோல்ட்டுக்கு மேல் பெறுவதுண்டு. பெடலில் 9 அல்லது 12 வோல்ட் மட்டும் கொடுத்தால் குழல் பட்டினி கிடக்கும். விரைவில் மழுங்கும், ஆயினும் பெருக்கம் குன்றும். அக்குறையை நீக்க முன்னே ஓர் ஒருங்கிணைந்த சுற்றை வைப்பர். அப்போது கேட்கும் மிகையூட்டத்தில் பெரும்பகுதி அச்சுற்றின் வேலையாகவே இருந்துவிடக்கூடும். குழலின் அடியில் சிறு விளக்கு வைத்து ஒளிரச் செய்வதும் உண்டு; கண்ணுக்கு விருந்து, காதுக்கு அன்று. தகட்டு மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பதே உண்மையறியும் வழி.

வேறு வழிகளும் உள. 1950களில் கார் வானொலிக்கென 12 வோல்ட்டிலேயே இயங்கும் குழல்கள் செய்யப்பட்டன. 2015இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம், ஒளிரும் எண்பலகை செய்யும் முறையைக் கொண்டு உருவாக்கிய ‘நியூட்யூப்’ என்னும் சிறு குழலை அறிவித்தது. இவை குறைந்த மின்னழுத்தத்துக்கெனவே அமைந்தவை. வீட்டில் செய்வார்க்கு ஏற்றவை.

உயர் மின்னழுத்தத்தையே நாடுவோர் ஒன்றை மறத்தலாகாது. மின்தேக்கி, மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். அதனை வடியச் செய்யும் மின்தடை கட்டாயம் வேண்டும். வடிந்ததை அளந்து அறிந்த பின்னரே கைவைக்க வேண்டும். சுவர் மின்சாரத்தை மின்மாற்றியின்றி நேரே பெடலுக்குக் கொண்டுவருதல் கொலைக்கு ஒப்பாகும். கித்தார்த் தந்திகள் பெடலின் பொது இணைப்போடு சேர்ந்தவை. அங்கு நேரும் பழுது தந்தி வழியே மீட்டுவோன் விரல்களை வந்தடையும். உலோகப் பெட்டிக்கு நில இணைப்பு இன்றியமையாதது. இவற்றில் பயிற்சி இல்லாதவர் குறைந்த மின்னழுத்தக் குழலோடு நிற்பதே அறிவுடைமை.

இக்கருத்தை வகுப்பில் விளக்க உயர் மின்னழுத்தம் வேண்டியதில்லை. ஒரு தந்தியின் நடுவில் விரலை மெல்லத் தொட்டு மீட்டினால் மேல்தானக் குரல் கேட்கும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் இளி, ஐந்தில் ஒரு பங்கில் தொட்டால் கைக்கிளை. தந்தியில் மறைந்திருக்கும் இம்மேலிசைகளைச் செவியால் கண்ட மாணவன், குழல் எதனை மிகுவிக்கிறது என்பதை உணர்வான். அதன்பின் அவன் செய்யும் பெடலில் குழல் இருப்பினும் இல்லாவிடினும், எதற்காக என்பதை அறிந்தே செய்வான்.